கோட்டை வாசலில் நிற்கிறவர்கள்

போன பொங்கலுக்கு எங்கள் அபார்ட்மென்டில் தம்போலா வைத்தார்கள். கோலப்போட்டி முடிந்து, மியூசிக்கல் சேர் முடிந்து, சாப்பாட்டு வண்டி வருகிறவரை பெண்களை ஜமுக்காளத்தில் பிடித்து உட்காரவைக்கிற ஆட்டம். செயலாளர் வீட்டம்மா ஒரு துணிப்பைக்குள் கையை விட்டு ஒவ்வொரு காயாக எடுத்து எண்ணை வாசித்துக்கொண்டிருந்தார். நான் அரைக் கவனத்தில் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "இருபது" என்றார். என் கை தானாகத் தரையில் ஓங்கி அடித்தது. வாய் "விழுந்துருச்சு" என்று கத்தியது. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் அதில் இருபதே இல்லை. "சித்தி, ஒனக்கு என்ன ஆச்சு?" என்றாள் அக்கா மகள். பசி மயக்கம் என்று சொல்லிவைத்தேன்.

உங்களிடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க மனசு வரவில்லை. மதுரை காளவாசல் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பில் போடும் சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் எனக்குப் பிடித்த வியாதி இது. உடன் வேலை பார்த்த கோபிதான் தொற்றவைத்தான். ஒருவர் கதை சொல்லவேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக இருக்கவேண்டும். பாலம் உடைந்திருக்கிறது, நீ என்ன செய்வாய் என்று கதை சொல்கிறவர் கேட்பார். தாண்டுவேன் என்று சொன்னால் போதாது. இருபது முகமுள்ள பகடையை உருட்டி, விழுகிற எண்ணைப் பொறுத்துத் தாண்டுவதோ தண்ணீரில் விழுவதோ நடக்கும். போர்டு கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, வாயும் பகடையும்தான். பேசிப் பேசியே பொழுதை ஓட்டும் ஊரில் இந்த ஆட்டம் பிய்த்துக்கொண்டு போகும் என்று நாங்கள் நிஜமாகவே நம்பினோம். அவ்வளவு புத்திசாலிகள்.

விதிப்புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தோம். கடைக்காரர் கத்தையைச் சூட்டோடு கையில் கொடுத்து, "என்ன எக்ஸாம்மா, இம்புட்டுப் பெருசா இருக்கு?" என்று கேட்டார். இன்றைக்கும் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்து அந்தச் சூட்டு மை வாசனை வந்தால், ஆதார் நகல் எடுக்க வந்தவள் கொஞ்ச நேரம் வந்த வேலையை மறந்து நிற்பேன். புத்தகம் வந்துவிட்டது. பகடைதான் மதுரையில் எங்கு தேடியும் அகப்படவில்லை. கோபி தன் வீட்டுத் தம்போலா பெட்டியிலிருந்து ஒன்று முதல் இருபது வரை காய்களைப் பொறுக்கி, ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுத் தந்த மஞ்சப்பைக்குள் போட்டான். கையை விட்டு ஒன்றை எடுக்கவேண்டியது, எல்லோருக்கும் காட்டவேண்டியது, திரும்பப் போடவேண்டியது. இருபது வந்தால் மட்டும் எல்லோரும் தரையில் அடித்து "விழுந்துருச்சு" என்று கத்துவோம். பின்னால் யாரோ சென்னையிலிருந்து நிஜப் பகடை வாங்கிவந்தார்கள். அது உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. நாங்கள் மஞ்சப்பைக்கே திரும்பிவிட்டோம்.

ஆட்டம் ஞாயிறு மதியங்களில், வில்லாபுரத்தில் கோபி வீட்டு மாடியில் நடக்கும். சௌராஷ்டிரா குடும்பம். அவனும் அவன் அம்மாவும் அவர்கள் பாஷையில் பேசிக்கொள்வதைக் கேட்டால் சண்டையா கொஞ்சலா என்று பிடிபடாது. அம்மா முள்ளுமுருங்கை வடை சுட்டுத் தட்டோடு மேலே வருவார். ஒருநாள் "காவக்காரனைக் கொன்னுரலாமா, கட்டிப்போட்டுரலாமா?" என்று நாங்கள் தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது படியிலேயே நின்றுவிட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயாவது நல்ல புத்தி சொல்லக் கூடாதாம்மா?" என்றார். கொல்லலாம் என்று சொன்னதே நான்தான். வடையை வாங்கிக்கொண்டு தலையாட்டினேன்.

ஆடினது மூன்று பேர். கோரிப்பாளையத்து ஜாபர், மேலூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற முத்துராசு, நான். என்னை எல்லோரும் தாயி என்பார்கள். புத்தகத்தில் இருந்த பனிமலையை நாங்கள் யாரும் கண்டதில்லை என்பதால் கோபி அதை எங்கள் ஊர் யானைமலை ஆக்கினான். எங்கள் கதையில் ஒரு ராஜா ஊர்க் கண்மாய்க்கு வரும் தண்ணீரை அடைத்துவிட்டான். கோட்டைக்குள் புகுந்து மடையைத் திறக்கவேண்டும். அவ்வளவுதான் கதை. அதற்கே வருஷக்கணக்கில் நடந்தோம். கோபி எதையும் எழுதிவைக்க மாட்டான். கேட்டால், "மண்டைக்குள்ள இருக்கு மாப்ள, அது போதும்" என்பான்.

முதலில் கிளம்பினவன் ஜாபர். துபாயில் வேலை. அப்போதுதான் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. ஊரைவிட்டுப் போகிறவன் தன் ஆளை மிச்சமிருக்கிற ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். கொல்லக் கூடாது, கதையை விட்டு அனுப்பவும் கூடாது. ஒப்படைக்கும்போது, தன் ஆள் எந்தக் காலத்திலும் செய்யாத காரியம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். வாங்கிக்கொண்டவர் அதைக் காப்பாற்றவேண்டும். ஜாபர் சிரித்துக்கொண்டே, "என் ஆளு பசியோட சண்டைக்குப் போவ மாட்டான்" என்றான். அதனால் அவன் போன பிறகு ஒவ்வொரு சண்டைக்கு முன்னாலும் நான் அவன் ஆளுக்குச் சோறு போட்டேன்.

அடுத்த வருஷம் முத்துராசு. சென்னைக்கு வெளியே கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனி. அவன் வீட்டில் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அதைப் பற்றி அவன் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. அன்றைக்குக் காய்ப்பையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு, "என் ஆளு எவன் முன்னாடியும் கையக் கட்டி நிக்க மாட்டான். அத மட்டும் பாத்துக்க தாயி" என்றான். கோபி ஏதோ கேலி பேச வாயெடுத்து, முத்துராசுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். சரி என்றேன்.

பிறகு ஆட்டம் என்பது கோபி கதை சொல்ல, நான் மூன்று பேராக இருந்து பதில் சொல்வது. வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படித்தான் கோட்டை வாசல்வரை வந்து சேர்ந்தோம். வாசல்காரன், "கையக் கட்டிக் குனிஞ்சு வந்தாத்தான் கதவத் தொறப்பேன்" என்றான். ஜாபரின் ஆள் கட்டிக்கொண்டான். என் ஆளும் கட்டிக்கொண்டாள். முத்துராசுவின் ஆளுக்கு நான் முடியாது என்றேன்.

"அப்ப மூணு பேரும் வெளியவா?" என்றான் கோபி.

"வேற வழி இல்லையா?"

கோபி தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துப் பிட்டான். "இருக்கு. கையக் கட்டாமலே உள்ள போக ஒரு வழி இருக்கு. அடுத்த வாரம் சொல்றேன்."

அடுத்த வாரம் அவனுக்கு பெங்களூரிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்துவிட்டது. வீட்டைக் காலி செய்து அம்மாவையும் கூட்டிப்போனான். வீடியோ காலில் தொடர்வதென்று முடிவு செய்தோம். ஒருமுறை நாலு பேரும் ஒன்றாக வரவும் செய்தோம். "கேக்குதா?" "கேக்குது." "எனக்குக் கேக்கலையே." அதிலேயே பாதிப் பொழுது போயிற்று. ஜாபருக்கு ஷிப்ட், கோபிக்குக் கல்யாணம், பிறகு அவன் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்குமேல் யாரும் கூப்பிடவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, புது ஆட்களைத் தேடினேன். காளவாசலில் ஆட்டங்களுக்கென்றே ஒரு கஃபே திறந்தார்கள். அலமாரி நிறையப் பெட்டிகள், கண்ணாடிக் கிண்ணத்தில் கலர் கலராகப் பகடைகள். பார்த்து அழுகை வந்தது. வந்தவர்கள் கிண்ணத்தோடு செல்ஃபி எடுத்து, கோல்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஓனர் பையன் என்னிடம், "அக்கா, நாலு பேரு நாலு மணி நேரம் ஒக்காரணும்ல. அதுக்கு எவனும் வர்றதில்லக்கா" என்றான். இப்போது அங்கே மோமோ விற்கிறார்கள். அக்கா மகள் ஃபோனில் வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஆட்டம் ஆடுவதை மணிக்கணக்கில் பார்க்கிறாள். நாம் ஆடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். "பாக்கத்தான் சித்தி நல்லாருக்கு" என்றாள்.

முத்துராசு முன்பெல்லாம் ஃபோன் செய்தால் முதலில், "என் ஆளு எங்க நிக்கிறான் தாயி?" என்றுதான் கேட்பான். வாசலில் என்பேன். "கையக் கட்டலையே?" இல்லை என்பேன். பிறகுதான் வீட்டு விசேஷம். போகப் போக அந்தக் கேள்வி குறைந்து நின்றுவிட்டது. ஒருநாள் கம்பெனிப் படம் ஒன்றை ஸ்டேட்டஸில் வைத்திருந்தான். நடுநாற்காலியில் யாரோ பெரிய அதிகாரி. ஓரத்தில் முத்துராசு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, கையைக் கட்டிக்கொண்டு. படத்துக்கு எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன்.

தம்போலா முடிந்த மறுமாதம் ஒரு கல்யாணத்துக்காக கோபி மதுரைக்கு வந்திருந்தான். மண்டபத்தில், பந்தி வரிசைக்குப் பக்கத்தில் அவனைப் பிடித்தேன். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. குழந்தைகளைப் பற்றிக் கேட்டேன், அம்மாவைப் பற்றிக் கேட்டேன். பிறகு, இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"கோபி, கையக் கட்டாம உள்ள போக ஒரு வழி இருக்குன்னியே. அது என்ன வழி?"

"எதுக்குள்ள தாயி?"

கோட்டை, கண்மாய், வாசல்காரன் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். அவன் நெற்றியைச் சுருக்கிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"சத்தியமா ஞாபகம் இல்ல தாயி. அன்னைக்கு வாயில வந்ததச் சொல்லிருப்பேன். வழின்னு ஒண்ணு இருந்திருக்குமான்னே தெரியல" என்றான். "ஆனா நல்லாத்தான் போச்சு அந்தக் காலம், இல்ல?"

ஆமாம் என்றேன். பந்திக்குக் கூப்பிட்டார்கள். பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மஞ்சப்பை எந்த வீடு மாற்றியதில் தொலைந்தது என்று தெரியவில்லை. வில்லாபுரத்து மாடி இப்போது வேறு யாருடையதோ. கதை கோபியின் மண்டைக்குள்தான் இருந்தது, அங்கிருந்தும் போய்விட்டது. இனி யாரும் அந்த மடையைத் திறக்கப் போவதில்லை. முத்துராசுவின் ஆள் இன்னும் கையைக் கட்டாமல் அந்த வாசலில் நிற்கிறான். அது தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.