மாவு ஆட்டிக்கொண்டே பேசியது

டவுன் பஸ்ஸில் என் குரலை நானே கேட்டபோது, அது என் குரல் என்று முதலில் எனக்குத் தெரியவில்லை.

சிங்காநல்லூரில் ஏறி உக்கடம் போய்க்கொண்டிருந்தேன். உளுந்து மூட்டைக்குச் சொல்லிவிட்டு வர வேண்டும். காலை பதினோரு மணி இருக்கும். முன் சீட்டில் துணிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அதில் ஒரு பொம்பளை கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒரு விரக்கடை முன்னால நின்னுட்டானாம். அதுக்கு டிவில கோடு போட்டுப் பாத்து கோல் இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. ரேசன் கடை வரிசையில கூட இத்தினி கறார் கிடையாது. இன்னொருத்தன், மேல கை பட்டதும் உழுந்து உருள்றான் பாரு. நான் ரெண்டு பெத்தவ, ஒரு நாளும் அப்படி உருண்டதில்லை.”

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். கம்பியைப் பிடித்து நின்றிருந்த ஒருவரும் சிரித்தார். நானும்தான். யாரோ நம்ம பக்கத்து ஆள், நன்றாகப் பேசுகிறாள் என்று நினைத்தேன். அந்தப் பொம்பளைக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பேச்சை முடிக்கும்போது அவள் சொன்னாள்: “சரி கண்ணு, மூணாவது கல்லுல உளுந்து பொங்கிருச்சு. வழிச்சுப்போட்டு வாரேன்.”

அது நான்தான். என் மாவுக் கடையில் மூன்றாவது கிரைண்டர் கல் அது. அதில் மட்டும்தான் நான் உளுந்து ஆட்டுவேன்.

அந்தப் பெண்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயம். உக்கடத்தில் இறங்கி, மண்டிக்குப் போகாமல், எதிர்ச்சாரியில் நின்று அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

எனக்கு இட்லி மாவுக் கடை. நான்கு கிரைண்டர்கள். விடியற்காலை ஐந்து மணிக்குப் போட்டால் எட்டு மணி வரை ஓடும். மகளும் மகனும் படித்து வெளியூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். கணவர் கணபதி ஏரியாவில் ஒரு லேத் பட்டறையில் ஃபோர்மேன். நான் கல்லுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் விட்டுத் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் யாரிடமாவது பேசாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

பேசுவதற்கு எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் பவானியில் இருந்தவள், கணவருக்கு வேலை மாறியதால் மஸ்கட் போனாள். போன புதிதில் தினமும் அழுவாள். “ஊரு கதை எதாச்சும் சொல்லுக்கா, சும்மா பேசிட்டே இரு” என்பாள். நானும் ஃபோனை அரிசி டின் மேல் வைத்து, வாய்க்கு வந்ததைப் பேசிப் பதிவு செய்து அனுப்புவேன். எங்கள் கடைக்கு எதிரே இரண்டு வருடம் முன்னால் ஒரு கால்பந்துத் திடல் வந்தது. பச்சைப் பாய் விரித்து, சுற்றிலும் வலை கட்டி, மணிக்கணக்குக்கு வாடகைக்கு விடுவார்கள். சாயங்காலம் கடையில் உட்கார்ந்தால் அதுதான் எனக்கு டிவி. அங்கே பார்த்ததையும், வீட்டில் கணவர் டிவியில் பார்க்கும் மேட்சையும் சேர்த்து எனக்கு ஒரு கால்பந்து அறிவு உண்டாகியிருந்தது. அதைத் தங்கச்சியிடம் கொட்டுவேன். புதுப் பாட்டு வந்தால் அதைப் பற்றி ஒரு கருத்து. நியூஸில் எது ஓடுகிறதோ அதைப் பற்றி இரண்டு கருத்து. எல்லாம் அவளுக்காக, அவள் சிரிப்பதற்காக.

வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

“கண்ணு, நான் உனக்கு அனுப்பறதை நீ என்ன பண்றே?”

“அக்கா, கோவிச்சுக்காத. இங்க பில்டிங்ல நம்மூருப் பொம்பளைங்க ஆறு பேரு இருக்காங்க. அவிங்களுக்குப் போட்டுக் காட்டினேன். நல்லாருக்குன்னு சொன்னாங்க. அதுல ஒருத்திதான் ஒரு கிரைண்டர் படத்தை வெச்சு நெட்டுல ஏத்திவிடலாம்னு சொன்னா.”

“எத்தனை நாளா?”

“எட்டு மாசமாச்சுக்கா.”

“எத்தனை பேரு கேக்கறாங்க?”

“அவிநாசித் தேருக்கு எத்தனை பேரு வருவாங்க, அத்தனை பேருன்னு வெச்சுக்கயேன்.”

எட்டு மாதமாக என்னவெல்லாம் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். என் நாத்தனார் வைக்கும் மீன் குழம்பைப் பற்றிச் சொல்லியிருந்தேன். எங்கள் வார்டு கவுன்சிலரைப் பற்றிச் சொல்லியிருந்தேன். எங்கோ ஒரு தேசத்தில் சண்டை மூண்டபோது, “பெட்ரோல் விலை ஏறுமான்னு எல்லாரும் கேக்கறாங்க, அங்க இருக்கறவிங்க இன்னிக்கு என்ன தின்னாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை” என்று சொல்லியிருந்தேன். அதுவும் போயிருக்கிறது. எல்லாமே போயிருக்கிறது.

சாயங்காலம் கணவர் வந்தார். அவர் சட்டையைக் கழற்றுவதற்குள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு, “எனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியுமா?”

“ஆறு மாசமா பட்டறையில டீ நேரத்துக்கு உன்னதைத்தான் போடுவாங்க. என்ற சம்சாரம்னு நான் யாருகிட்டயும் சொல்லலை.”

“ஏனுங்க, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“சொன்னா நீ நிறுத்திப்போடுவே.” என் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “ஊட்ல நீ எங்கிட்ட இப்படியெல்லாம் பேசறதில்லையே. அங்க போனாத்தான் கேக்க முடியுது.”

அன்று பகலில் பஸ்ஸில் பட்ட அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. இருபத்தாறு வருடமாக அவரும் நானும் பேசிக்கொள்வது, கேஸ் வந்ததா, கரண்ட் பில் கட்டியாச்சா, சாப்பிட வர்றீங்களா, அவ்வளவுதான். மேட்ச் பார்க்கும்போது நான் பின்னால் நின்று பார்ப்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். அவருக்கும் என் கருத்து வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டொரு நாளில் பயம் போய், எனக்குப் பிடித்துப்போனது. அந்தக் குரல் என்னுடையது என்று யாரோ கண்டுபிடித்து, ஒருவர் சொல்லி ஒருவர் வர ஆரம்பித்தார்கள். அரை லிட்டர் மாவு வாங்கிக்கொண்டு, “ஏனுங்க அம்மணி, இந்தத் தடவை எலெக்சன்ல யாரு வருவாங்க?” என்று கேட்பார்கள். திடலில் ஆடுகிறவர்கள் வேலியோரம் வந்து, “அக்கா, என்ற ஆட்டம் எப்படி?” என்பார்கள். நானும் சொல்வேன். “பந்து வர்றப்ப நீ எங்கயோ பாத்துட்டு நிக்கறே சாமி” என்று ஒருவனிடம் சொன்னதற்கு எல்லோரும் கைதட்டினார்கள். தங்கச்சியிடம் நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

சனிக்கிழமைதோறும் ஒருவர் வருவார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, நரைத்த தலை, கழுத்தில் சின்னச் சிலுவை. பாலித்தீன் பை வேண்டாம் என்று சொந்தத் தூக்குப்போசி கொண்டு வருவார். “ஒரு லிட்டருங்க” என்பார். ஏழு வருடத்தில் வேறெதுவும் பேசியதில்லை. அவர் மூன்று சனிக்கிழமையாக வரவில்லை என்பது நான்காவது சனிக்கிழமை அவர் மனைவி அதே தூக்குப்போசியோடு வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

“அண்ணன் நல்லாருக்காருங்களா?” என்று கேட்டேன்.

“நல்லாருக்காருங்க. உங்க கடைக்குப் போகச் சொன்னா மட்டும் வேற வேலை வந்துருது.”

மாவை ஊற்றிக்கொண்டே ஏனென்று நிமிர்ந்து பார்த்தேன். அந்தம்மா கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: “திருச்சி ரோட்டு மண்டபத்துல, நீலக் கோட்டுப் போட்டுப் பாடினவரு அவருதானுங்க.”

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. பஸ்ஸில் என் குரலைக் கேட்பதற்கு முன்னால், கணவரின் சொந்தத்தில் ஒரு ரிசப்ஷன். மெல்லிசைக் குழு. நீலக் கோட்டும் கறுப்பு டையும், மை பூசிய தலையுமாக ஒருவர் பாடினார். உச்சிக்குப் போகும்போதெல்லாம் குரல் கிழிந்தது. மறுநாள் காலையில் தங்கச்சியிடம் சொன்னேன்: “அந்த நீலக் கோட்டு அண்ணனுக்குக் குரலு எப்பவோ ரிட்டையர் ஆயிருச்சு கண்ணு. அவருக்குத்தான் இன்னும் ஆர்டர் வரலை.” தங்கச்சி அன்றைக்கு மூன்று முறை சிரித்துப் பதில் அனுப்பினாள்.

அந்தம்மா சொன்னதை நின்றுகொண்டே கேட்டேன். அவர்கள் குழுவில் ஒத்திகைக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, கீபோர்டு வாசிப்பவர் இதை ஃபோனில் போட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இவரும் சிரித்திருக்கிறார். மண்டபத்தின் பெயர் வந்த பிறகுதான் நீலக் கோட்டு தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கீபோர்டுக்காரர் அவசரமாக அணைத்திருக்கிறார். அன்றோடு நிகழ்ச்சிகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாராம். முப்பது வருடமாகப் பாடியவர்.

“நான்தான்னு எப்படிங்க தெரிஞ்சுது?”

“ஏழு வருசமா உங்க குரலைக் கேக்கறவருங்களே. பாட்டுக்காரருக்குக் காது தப்பாதுங்க.”

அந்தம்மா போன பிறகு அன்று கடையில் என்ன விற்றது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ஞாயிறு, சர்ச்சு விட்டு வந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டு, அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். மூன்றாவது வீடு. அவரே கதவைத் திறந்தார். என்னைக் கடைக்கு வெளியே பார்த்ததில்லை என்பதால் ஒரு கணம் யோசித்தார். நான் பேச வாயெடுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“உள்ள வாங்க” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எனக்குத் தெரியாமல் தங்கச்சி போட்டுவிட்டாள் என்றேன். அது நீங்கள்தான் என்று தெரியாது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அசிங்கமாக இருந்தது. வேறு யாராவதாக இருந்தால் சொல்லியிருக்கலாமா?

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்லலீங்க. நாலு வருசம் முன்னால தொண்டையில ஆபரேசன். அப்பறம் மேல போக மாட்டேங்குது. எனக்கே தெரியும். கூட வாசிக்கறவிங்க அத்தனை பேரும் நல்லாருக்கு நல்லாருக்குன்னாங்க. ஆனா, வாரா வாரம் உங்க முன்னால வந்து நின்னேனுங்களே. எங்கிட்டச் சொல்லியிருந்தா எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கும்.”

கிளம்பலாம் என்று எழுந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். பிறகு கேட்டதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

“அன்னிக்கு எந்தப் பாட்டு மோசமுங்க?”

“அதெல்லாம் எதுக்குங்கண்ணா.”

“இல்லீங்க, சொல்லோணும். ஊருக்கே சொன்னீங்க. எனக்கும் சொல்லுங்க.”

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சமையலறைக் கதவோரம் நின்றிருந்தார். என் வாழ்க்கையில் ஒரு கருத்தைச் சொல்ல அவ்வளவு சிரமப்பட்டதில்லை. இரண்டாவதாகப் பாடியது, சரணத்தில் மேலே போகும் இடம், அங்கே கிழிந்தது என்றேன். அவர் தலையாட்டினார். நான்காவதிலும் அப்படித்தான் என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

“கடைசியா ஒண்ணு பாடினீங்கண்ணா. மெதுவா, தாழ்வா. அதுக்கு நான் எலையில கை வெச்சபடி சாப்பிடாம உக்காந்திருந்தேன். பக்கத்து எலைக்காரங்க என்னாச்சுன்னு கேட்டாங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதை உங்க தங்கச்சிகிட்டச் சொன்னீங்களா?”

“இல்லீங்க.”

“ஏனுங்க?”

நல்லதைச் சொன்னால் அவள் சிரிக்க மாட்டாள். அதுதான் காரணம். அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் மனைவி காபி கொண்டு வந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வந்த கையோடு தங்கச்சியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னேன். அவள் அழுதாள். அந்த ஆறு பெண்களோடும் இந்தப் பேச்சை வைத்துத்தான் பழகினாளாம். அதற்கு முன்னால் ஆறு மாதம் வீட்டை விட்டு வெளியே போகாமல், பகலெல்லாம் படுத்தே கிடந்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தினமும் பேசியும் தெரியாது. நான்தானே பேசிக்கொண்டிருந்தேன், அவளை எங்கே பேச விட்டேன். கடைசியில், அவர்கள் ஆறு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பது என்றும், வெளியே அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்தோம். ஏற்கெனவே ஊரெல்லாம் போனதை யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை. இன்னும் எங்காவது ஓடிக்கொண்டிருக்கலாம்.

அந்தப் பாட்டுக்காரர் கல்யாண மேடைக்குத் திரும்பவில்லை. குழுவில் இப்போது மிக்சரில் உட்கார்ந்து ஒலி பார்க்கிறாராம். சர்ச்சு பாடகர் குழுவில் கீழ்க் குரல் பாடுகிறாராம். அவர் மனைவிதான் மாவு வாங்க வருகிறார். என்னால்தான் நிறுத்தினாரா, எப்படியும் நிறுத்தியிருப்பாரா என்று அந்தம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போதெல்லாம் மேட்ச் ஓடும்போது நான் கணவருக்குப் பின்னால் நிற்பதில்லை, பக்கத்தில் உட்காருகிறேன். நடுவர் பார்த்தது தப்பு என்று நான் சொன்னால், இல்லை, சரிதான் என்கிறார். ஒரு நாள் அதற்காக இரண்டு பேரும் சாப்பிடாமல் சண்டை போட்டோம்.

நேற்றுக் காலை தங்கச்சி கூப்பிட்டாள். புதிதாக ஒரு பெண் பாடியிருக்கிறாளாம், ஊரே பேசுகிறதாம், “நீ என்னக்கா நினைக்கிறே?” என்று கேட்டாள்.

“இன்னும் முழுசாக் கேக்கலை கண்ணு. தெரியலை” என்றேன்.

அதற்கு மேல் ஒரு கருத்தும் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். லைன் போய்விட்டது என்று நினைத்து, அவள் இரண்டு முறை ஹலோ, ஹலோ என்றாள்.