கை நடுங்கிய பதினோரு தடவை

எட்டு டன் இரும்புக் கம்பியைத் தரையிலிருந்து தூக்கி, இருபதாவது மாடியில், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்திவிடுவார் கிரேன்காரர். ஆனால் கையில் எடுத்த பிஸ்கட்டைத் திரும்ப வைக்கச் சொன்னால் மட்டும் அவரால் ஆகாது. இதை வேறு யாரும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவரே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தன்னைக் கேலி செய்ய இன்னொருவருக்கு இடம் கொடுப்பதில்லை என்பதில் அவருக்கு ஒரு வீம்பு.

இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு வேலை ஆகாயத்தில்தான். காலையில் ஏணியில் ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டுப் பையைக்கூடக் கயிற்றில் கட்டித்தான் மேலே இழுத்துக்கொள்வார். அந்தக் கூண்டு அவருக்கு உயிர். அங்கே மேஸ்திரி கிடையாது, பக்கத்து வீட்டுக்காரர் கிடையாது, 'ஏன் இப்படிச் செஞ்சே' என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. தைரியசாலி என்று ஜனங்கள் அவரைப் பார்த்து வாய் பிளந்தார்கள். கேள்வி கேட்கிறவர்களுக்குப் பயந்து இவ்வளவு உயரம் ஏறி ஒளிந்துகொண்டவன் நான் என்று அவருக்கல்லவா தெரியும்.

வருஷாந்திரப் பரிசோதனையில் கம்பெனி டாக்டரம்மா அந்தக் கூண்டின் மேலேயே கையை வைத்தார்.

"மூணு மாச சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி நாலு. இப்படியே விட்டா கண்ணு போகும், கால் போகும். மூணு மாசத்துல ஏழரைக்குக் கீழே கொண்டு வாங்க. வரலைன்னா கேபினுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். ஸ்டோர்ல உட்கார்ந்து போல்ட்டு எண்ண வேண்டியதுதான்."

"ஏழரையைத் தேடிப் போன்னு சொன்ன முதல் ஆள் நீங்கதான் டாக்டர்," என்றார் கிரேன்காரர். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பெரிய மாத்திரை ஒன்று, சின்ன மாத்திரை ஒன்று எழுதினார்.

"முக்கியம் சாப்பாடுதான். இந்தச் சின்ன மாத்திரைக்குச் சில சமயம் சர்க்கரை திடீர்னு இறங்கிடும். கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். அப்படி ஆனா உடனே வேலையை நிறுத்துங்க, ஏதாவது இனிப்பை வாயில போடுங்க, கீழே இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க."

சொன்னது மூன்று விஷயம். கிரேன்காரர் காதில் ஏறியது நடுவில் இருந்த ஒன்று.

அவருடைய மனைவிக்கு, அவர் வேலை செய்யும் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு தையல் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. அளவு என்றால் அளவுதான் அவளுக்கு. அன்று ராத்திரியே துணியில் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்துத் தட்டில் கோடு கிழித்துவிட்டாள். பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, மிச்சக் கால் தட்டுதான் சோறு. காயை முதலில் தின்ன வேண்டும், சோற்றைக் கடைசியில் தொட வேண்டும்.

கிரேன்காரர் அந்தக் கால் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கட்டடத் தொழில் தெரிந்தவர். அடிமனை சின்னதாக இருந்தால் மேலே எழுப்ப வேண்டியதுதானே? கோட்டைத் தாண்டாமல் சோற்றை அடுக்கு மேல் அடுக்காக ஏற்றி, கரண்டியால் பக்கம் தட்டி நிறுத்தினார்.

"என்னங்க இது?"

"கால் தட்டுதானே சொன்னாங்க? எத்தனை மாடின்னு சொல்லலையே!"

மறுநாளிலிருந்து சோற்றின் உயரத்துக்கும் அளவு வந்துவிட்டது. கட்டை விரலின் முதல் கணு. அதுவும் அவர் விரல் இல்லை, அவள் விரல்.

வீட்டில் இப்படி வாயைக் கட்டினால் மனுஷன் என்ன செய்வான்? டாக்டர் சொன்னபடி செய்வான். கேபினில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்துக்கொண்டார், அவசரத்துக்கு. பதினோரு மணி வாக்கில் ஒரு நாள் லேசாகப் பசித்தது. கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனி நடுங்கியது! உடனே நாலு பிஸ்கட்டைப் போட்டுக்கொண்டார். திரும்பக் கையை நீட்டினார். இன்னும் நடுக்கம். இன்னும் நாலு. பாக்கெட் காலியான பிறகும் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

நடுங்காமல் என்ன செய்யும்? அவ்வளவு உயரத்தில் காற்றடித்தால் கிரேனே ஆடும். கூண்டு ஆடும், நாற்காலி ஆடும், நாற்காலியில் இருக்கிறவரும் ஆடுவார். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆட்டத்தில் பிழைத்தவருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பிஸ்கட் டப்பா எட்டும் தூரத்தில் இருக்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகிற வியாதியும் அவருக்கு இருந்தது. காற்றடித்த நாளெல்லாம் வைத்தியம் நடந்தது. கீழே சொல்லச் சொன்னதை மட்டும் அவர் செய்யவில்லை.

கீழே நின்று வாக்கி டாக்கியில் சிக்னல் கொடுப்பவன் அவர் மனைவியின் தம்பி. ஒரு நாள் பொத்தானை அமுக்கிக்கொண்டே மென்றுவிட்டார் போலிருக்கிறது.

"மாமா, ரேடியோவுல என்னமோ நொறுங்குற சத்தம் கேக்குது. கியர்பாக்ஸைப் பார்க்கச் சொல்லட்டுமா?"

"அது காத்து மாப்ள," என்றார் கிரேன்காரர், வாயைத் துடைத்துக்கொண்டு.

குட்டு உடைந்தது துணி துவைக்கும்போது. ஒரு மாதத்தில் அவர் பாக்கெட்டுகளிலிருந்து மனைவி பதினோரு பிஸ்கட் உறைகளை எடுத்து, நீவி, மேஜைமேல் வரிசையாக வைத்திருந்தாள். அவர் உள்ளே நுழைந்ததும் திருட்டு முழி முழித்தார். பிறகு வாய் தானாகத் திறந்து ஒரு காரியம் செய்தது.

"சர்க்கரை இறங்கிப்போச்சும்மா. உன்கிட்ட சொன்னா பயப்படுவேன்னுதான் சொல்லலை."

"பதினோரு தடவையா?"

உறைகள் கண்ணெதிரே இருந்தன. "பதினோரு தடவை," என்றார்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தவருக்கு அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் திட்டு விழவில்லையே என்ற சந்தோஷம் அந்த உறுத்தலைவிடப் பெரியதாக இருந்தது.

மறுநாள் தெருமுனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர், சர்க்கரை அளவு குறித்துவைக்கும் நோட்டில் தேதி போட்டு, 'தாழ்சர்க்கரை, பதினோரு தடவை' என்று சிவப்பு மையில் எழுதினார். சின்ன மாத்திரையை நிறுத்தினார். "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டார்.

"உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் டாக்டர்," என்றார் கிரேன்காரர், மனைவி வாயைத் திறப்பதற்குள். சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தான் செய்த காரியம் உறைத்தது. உதவிக்கு இருந்த சின்ன மாத்திரை போயிற்று. மாத்திரை போனதால் சர்க்கரை இறங்கும் என்று சொல்லவும் வழியில்லை. ஆகவே பிஸ்கட்டும் போயிற்று. இனி ஏழரையைத் தொட வேண்டுமென்றால் சாப்பாட்டால்தான். தன் காலில் தானே எட்டு டன்னைப் போட்டுக்கொண்ட ஒரே ஆபரேட்டர் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

அடுத்த இரண்டு மாதம் அவர் ஆடு மாதிரி தழை தின்றார். வெள்ளரிக்காய், கோஸ், பீன்ஸ், கீரை. மருந்துக்குத்தான் சோறு. சர்க்கரை போடாத டீயை முதல் நாள் குடித்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து டீக்கடைக்காரர், "பால் கெட்டுப்போச்சா?" என்று தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மத்தியானப் பையில் வருவதைக் காயில் தொடங்கிச் சோற்றில் முடித்தார். பசியை மறக்க, சாப்பிட்ட கையோடு காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளவும் பழகினார். சாயங்காலம் இறங்கியதும் கட்டடத்தைச் சுற்றி அரை மணி நேரம் நடந்தார். விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் எண் இறங்க இறங்க, அவருக்கே ஆச்சரியம். முன்பெல்லாம் இருநூற்று அறுபது காட்டிய அதே விரல் இப்போது நூற்றைம்பது காட்டியது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட வேண்டியிருந்தது. திருட்டுத்தனம் செய்யாமலும் தன்னால் ஒரு நாளைக் கடத்த முடிகிறது என்பது ஐம்பத்தோரு வயதில் அவருக்குக் கிடைத்த செய்தி.

மனைவிதான் கொஞ்சம் மாறிப்போயிருந்தாள். காலையில் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "கை நல்லா இருக்கா? நீட்டுங்க," என்பாள். நீட்டுவார். தரையில் கை கல் மாதிரி நிற்கும்.

மூன்றாம் மாத முடிவில் இருவருமாகக் கம்பெனி டாக்டரம்மா முன் உட்கார்ந்தார்கள். ஏழு புள்ளி ஒன்று! கிரேன்காரருக்கு உச்சி குளிர்ந்தது. டாக்டரம்மாவும் முதல் தடவையாகச் சிரித்தார். "மூணு மாசத்துல இவ்வளவு இறக்கியிருக்கீங்க, பெரிய விஷயம்," என்று பேனாவைத் திறந்தார். திறந்தவர், சர்க்கரை நோட்டைப் புரட்டினார். பேனா நின்றது.

"இது என்ன? பதினோரு தடவை தாழ்சர்க்கரையா? மேலே இருக்கும்போதா? எனக்கு ஏன் சொல்லலை?" பேனாவை மூடினார். "ஏழு வந்தாலும் சரி, ஆறு வந்தாலும் சரி. இதை வெச்சுக்கிட்டு உங்களை ஏத்த முடியாது. ஒரு வருஷம் கீழேதான்."

இருபத்திரண்டு வருஷக் கூண்டு, தழை தின்ற இரண்டு மாதம், எல்லாம் அந்தச் சிவப்பு வரியில் போய்க்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் பிழைக்கலாம். ஆனால் அதைக் கேட்க இடது பக்க நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பூசி மெழுகலாமா என்று ஒரு நிமிஷம் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"சர்க்கரை இறங்கலை டாக்டர். காத்தடிச்சுது."

"புரியலை."

"காத்தடிச்சா கேபின் ஆடும். கை நடுங்கும். அதைச் சாக்கா வெச்சு பிஸ்கட் தின்னேன். பதினோரு பாக்கெட். வேர்க்கலை, மயக்கம் வரலை, ஒண்ணும் வரலை. மாட்டிக்கிட்டதும் பொய் சொன்னேன்."

டாக்டரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்குச் சொன்னது பொய்யா, வேலை போகுதுன்னதும் இன்னைக்குச் சொல்றது பொய்யா? நான் எதை நம்புறது?"

நியாயமான கேள்வி. அவரே அவரை நம்பியிருக்க மாட்டார்.

"ஒரு மாசம் கீழே இருங்க. தினம் நாலு தடவை சர்க்கரை பார்த்து எழுதுங்க. ஒரு தடவைகூட இறங்கலைன்னா அப்புறம் பேசலாம்."

மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று அவரோடு பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. தட்டில் கோடு மட்டும் வேளை தவறாமல் விழுந்தது. பிஸ்கட் தின்றதற்கு இவ்வளவு கோபமா என்று அவருக்கு மலைப்பாக இருந்தது. தெரிந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொல்லிச் சிரித்தார். அவர்களும் நன்றாகவே சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவர் மச்சினன் பக்கத்தில் தரையில் நின்றிருந்தார். மேலே வேறொரு ஆள் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"மாமா, அக்கா வந்திருக்கு," என்றான் மச்சினன். "வழக்கமா நிக்கிற இடத்துலயே நிக்குது."

"வழக்கமாவா?"

மச்சினன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கிரேன்காரர் சாலையைக் கடந்து போனார். எதிர்ப்புற நடைபாதையில், ஒரு கம்பத்தை ஒட்டி நின்று அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"நான் கீழேதானே இருக்கேன். எதுக்கு வந்தே?"

"கால் தானா வந்துடுச்சு."

அவரும் அண்ணாந்து பார்த்தார். கண்ணாடியில் வெயில் அடித்தது. உள்ளே இருப்பது ஆளா சட்டையா என்றே தெரியவில்லை.

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே. தினம் என்னத்தைப் பார்த்தே?"

"கிரேன் திரும்புதான்னு பார்ப்பேன். திரும்பினா நீங்க முழிச்சிருக்கீங்கன்னு அர்த்தம், போயிடுவேன்." அவள் குரல் சன்னமாயிற்று. "திரும்பலைன்னா, திரும்புற வரைக்கும் நிப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"சில நாள் முக்கால் மணி. தையல் கம்பெனிக்குத் திரும்பிப் போய் சூப்பர்வைசர்கிட்ட ஏச்சு வாங்குவேன்."

அந்த முக்கால் மணி எது என்று அவருக்குத் தெரியும். சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்ட முக்கால் மணி. இரண்டு மாதம், நாள் தவறாமல், அவர் நிம்மதியாகத் தூங்கிய நேரமெல்லாம் இவள் இந்த வெயிலில் கழுத்து வலிக்க நின்று, புருஷன் செத்துவிட்டானா என்று பார்த்திருக்கிறாள்.

தன்னைக் கேலி செய்ய அவருக்கு ஏதாவது ஒன்று எப்போதும் வாயில் தயாராக இருக்கும். அன்று தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அவள் முன்னால் கையை நீட்டி, "மன்னிச்சுடும்மா," என்றார். காற்று இல்லை, கால் தரையில்தான் இருந்தது, கை நிற்கவில்லை.

அவள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.