கடையில் துவக்கு இல்லையா?

தொண்ணூறுகளின் நடுவில், இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் நான் வீட்டுவேலை செய்த மனிதர் ஒரு துவக்கை, அதாவது துப்பாக்கியை, செய்து முடிக்காததால் என் தம்பி கொழும்பில் மாட்டுப்பட்டுக் கிடந்தான். இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், நடந்தது அதுதான்.

அவர் ஓய்வு பெற்ற இஞ்சினியர். கால்சாப் பகுதியில் புதுக்கிக் கட்டிய பழைய மாளிகை ஒன்றின் மூன்றாம் மாடியில் அவரும் மனைவியும் இருந்தார்கள். மனைவியை நான் சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன். ஒரு கோடி அறையில் இஞ்சினியருடைய தாய், எண்பத்தேழு வயது, படுத்த படுக்கை. நான் குடியிருந்த அல்பெர்கேரியா ஒழுங்கையிலிருந்து காலையில் நடந்தே வருவேன். தாயைத் தூக்கிப் புரட்டிப் புரட்டி என் இடுப்பு விட்டுப்போனது. ஆம்பிளையாள் ஒருவர் வேண்டும் என்று சிஞ்ஞோராதான் முதலில் சொன்னார். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

அந்தக் காலத்தில், இன்னாரை வேலைக்கு எடுக்கிறேன் என்று முதலாளி படிவத்தில் கையெழுத்து வைத்தால் ஆளைச் சட்டப்படி வரவழைக்க வழி இருந்தது. தம்பி யாழ்ப்பாணத்தில் இருந்து எப்படியோ கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் இருந்தான். கிழமைக்கு ஒருமுறை பொலிஸ் வந்து, தமிழ்ப் பெடியன்களை வரிசையில் நிற்பாட்டி விசாரிக்கும். சிலபேரைத் திருப்பி விடுவார்கள், சிலபேரை விடமாட்டார்கள். நான் படிவத்தை வாங்கி, நிரப்பி, கையெழுத்து வைக்கிற இடத்தில் பென்சிலால் புள்ளடியும் போட்டு இஞ்சினியரிடம் நீட்டினேன்.

"ஓம், வைக்கிறன். இதை ஒருக்கா முடிச்சிட்டு, ஆறுதலா வாசிச்சு வைக்கிறன்," என்றார். அவர் பேசியது இத்தாலியனில்தான். எழுதும்போது எனக்கு என் வாய்த் தமிழில்தான் வருகிறது.

"இது" என்று அவர் காட்டியது சாப்பாட்டு மேசையில் துண்டு துண்டாகக் கிடந்த துவக்கை.

இலக்குப் பலகையில் வட்டம் பார்த்துச் சுடுகிற துவக்கு. மனிதர் ஒரு குருவியைக்கூடச் சுட்டதில்லை. உடலும் குழலும் உரிமம் உள்ள கடையிலிருந்து நம்பரோடு, பதிவோடு வந்தவை. குழலைப் பூட்டித் தந்ததும் அந்தக் கடைக்காரர்தான். மற்றதெல்லாம் இவர் கை. தோளில் முட்டுக்கொடுக்கிற மரக்கட்டையான சோங்கை வால்நட் பலகையில் இவரே செதுக்கினார். செதுக்கி, தோளில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஒரு மயிரிழை சீவி, திரும்பத் தோளில் வைத்துப் பார்ப்பார். இப்படி ஒன்றரை வருடம். நானோ ஒன்றரை வருடமாக அந்த மரத்தூளைக் கூட்டினேன். சோற்றுப் பானைக்குள்ளும் மரத்தூள், என் தலைமயிருக்குள்ளும் மரத்தூள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் ஒரு நிபந்தனை போட்டிருந்தேன்: மேசையைத் துடைப்பேன், துவக்கில் கை வைக்க மாட்டேன். நான் அறிந்த துவக்குகள் எல்லாம் செய்து முடித்து வந்தவை. ஒருவருடைய தோளையும் அளந்து அவை வரவில்லை. எவர் கையில் கொடுத்தாலும் பொருந்தின, அதுதான் அவற்றின் கேடு.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "கடையிலை துவக்கு இல்லையா? காசு குடுத்தா நாளைக்கே கொண்டு வரலாமே."

அவர் தன் இடது கையை நீட்டிக் காட்டினார். சின்ன வயதில் முறிந்து சரியாகப் பொருந்தாத கை, முழுக்க நிமிராது. "பக்டரிக்காரன் ஒருத்தனையும் அளக்காமல் எல்லாருக்கும் செய்யிறான். எனக்கு இந்தக் கை."

சரி, அது ஒரு நியாயம் என்று விடலாம். ஆனால் ஞாயிறு தவறாமல் வருகிற அவருடைய கூட்டாளி, மருந்துக்கடைக்காரர், இரண்டு கையும் நேராக உள்ளவர். அவரும் வீட்டில் ஒரு துவக்கைத் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டிக்கொண்டிருந்தார். அவரையும் விடவில்லை நான். "கடைத் துவக்கு பிழைச்சா துவக்கை ஏசலாம்," என்றார் அவர். "நான் பூட்டினது பிழைச்சா என்னைத்தான் ஏச வேணும். எங்கை பிழை எண்டும் எனக்குத் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "முடிச்சிட்டா என்ன செய்யிறது எண்டும் ஒரு பயம்," என்றார். இரண்டுபேரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிந்துவிடும் என்று பயப்படுகிற மனிதரிடமா என் தம்பியின் கடதாசி அகப்பட வேண்டும்?

இஞ்சினியர் என்னைப் பார்த்து, "நீர் மட்டும் என்னவாம்? சந்தையிலை மிளகாய்த்தூள் பைக்கற்றிலை கிடக்கு. நீர் ஏன் வீட்டிலை வறுத்து இடிக்கிறீர்?" என்று கேட்டார்.

"கடைத்தூள் ஒரு தூளே?" என்று வாய் தவறி வந்துவிட்டது. இரண்டுபேரும் மேசையில் தட்டிச் சிரித்தார்கள். அவர் வீட்டுக் குசினியிலேயே என் தூள் தகரம் ஒன்று இருந்தது. மத்தியானம் எனக்குக் கறி வைக்க நான் கொண்டுபோய் வைத்தது. எங்கள் ஆட்களில் வீட்டுக்கு ஒரு பதம். மல்லி கூடினால் பக்கத்து வீட்டுத் தூள், பெருஞ்சீரகம் கருகினால் யாரோ தெரியாதவளின் தூள். அவர் சொன்னது விளங்கியது. விளங்கியதால் கோபம் இன்னும் கூடியது. நான் தூள் இடிக்க ஒரு பின்னேரம் போதும், அதற்காக ஒருவரும் லொட்ஜில் காத்திருக்கவில்லை.

ஞாயிறுகளில் தம்பியோடு தொலைபேசியில் கதைப்பேன்.

"அக்கா, கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லையடா. இப்ப சோங்குக்கு எண்ணெய் பூசிறார்."

"என்ன?"

"பூசிக் காய விட்டுத் திரும்பப் பூச வேணுமாம். பத்துத் தரமாம்."

பிறகு, "அக்கா, உங்களுக்கு அங்கை ஒரு வருத்தமும் இல்லைத்தானே?" என்று கேட்டான். எனக்கு மண்டை பிசகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

இப்படி நான்கு மாதம். பிறகு ஒரு காலை, பத்து மணி இருக்கும். இஞ்சினியர் பின்பக்க விறாந்தையில் மரம் தேய்த்துக்கொண்டிருந்தார். துவக்கின் குழல் பின்வாயை அடைக்கிற இரும்புத்துண்டு மட்டும் மேசையில், ஒரு துணியின் மேல் கிடந்தது. அது இல்லாமல் துவக்கு சுடாது, அதற்கும் ஒரு நம்பர் உண்டு. வாசல் மணி அலறியது. கதவுத் துவாரத்தால் பார்த்தேன். சீருடை, இரண்டுபேர்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை, கால்தான் செய்தது. மேசைக்கு ஓடினேன். இரும்பைத் தூக்கினேன். குசினிக்குள் போய் என் தூள் தகரத்தைத் திறந்து உள்ளே அமத்தி, மேலே தூளைத் தட்டிச் சமன் செய்து மூடினேன். தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னேன்.

வீட்டில் பதிந்த ஆயுதங்கள் ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வந்தவர்கள் அவர்கள். வழக்கமான வேலை. மூத்தவர் சிஞ்ஞோராவிடம் கோப்பிகூட வாங்கிக் குடித்தார். இஞ்சினியர் பெருமையோடு இரும்பு அலுமாரியைத் திறந்தார், கடதாசியைக் காட்டினார். மூத்தவர் ஒவ்வொரு நம்பராக வாசித்தார்.

"மற்றத் துண்டு எங்கை?"

"மேசையிலை," என்று திரும்பிய இஞ்சினியர் வெறும் துணியைக் கண்டார். மேசைக்குக் கீழே பார்த்தார். அலுமாரிக்குள் பார்த்தார். முகம் வெளிறிப்போனது. மூத்தவரின் பேனை நின்றது.

நான் குசினி வாசலில் நின்றேன். வாயைத் திறக்காவிட்டால் இவருடைய உரிமம் போகும், கோபத்தில் என் படிவத்தைக் கிழித்தாலும் கிழிப்பார். திறந்தால் துவக்குத் துண்டை ஒளித்தவள் என்று என்னைக் கொண்டுபோவார்கள், அப்போதும் தம்பி லொட்ஜில்தான். எந்தப் பக்கம் போனாலும் அவனுக்குத்தான் அடி. கடைசியில் தகரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, கையை விட்டு எடுத்தேன். இரும்பு செக்கச் சிவந்து வெளியே வந்தது. முதலில் இளையவர் தும்மினார். பிறகு எல்லாரும் தும்மினோம்.

"ஏன் இதிலை வைச்சனீர்?" என்று மூத்தவர் கண்ணைத் துடைத்தபடி கேட்டார்.

"நான்தான் எடுத்து வைக்கச் சொன்னனான்," என்றார் இஞ்சினியர். "மேசையிலை கிடக்கக் கூடாது எண்டு. இவவுக்கு இடம் தெரியேல்லை."

அவர் எனக்காகப் பொய் சொன்னதை நான் மட்டுமல்ல, அந்த மூத்தவரும் அறிந்தார். இனிமேல் ஒன்றும் அலுமாரிக்கு வெளியே கிடக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, எல்லாம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

கதவு மூடினதும் சிஞ்ஞோரா என்னை வேலையை விட்டு நிற்பாட்டுவதாகக் கத்தினார். இஞ்சினியர் பல் துலக்கும் பிரஷால் இரும்பிலிருந்து தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"மணி அடிச்சு நீர் கதவு திறக்க ஒரு நிமிசமும் ஆகேல்லை. அவ்வளவு கெதியா எப்பிடிச் செய்தனீர்? உங்கடை வீட்டிலையும் துவக்கு ஒளிச்சனீங்களோ?"

"எங்கடை வீட்டிலை துவக்கு இருந்ததில்லை," என்றேன். "தம்பியைத்தான் ஒளிச்சனாங்கள். விறகு அடுக்குக்குப் பின்னாலை. ஆமி வாற ஒவ்வொரு தரமும்."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். என் படிவத்தைத் தேடினார். அது எங்கே இருந்தது என்கிறீர்கள்? துவக்குச் சாமான் என்று நான் கை வைக்காத எண்ணெய்த் தகரத்துக்கு அடியில்! மேசையில் வட்டம் பிடிக்காமல் இருக்க நான்கு மாதமாக அதை விரித்து வைத்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் அழுதேன். அவர் எண்ணெய் வட்டத்துக்குப் பக்கத்தில் என் புள்ளடிக்கு மேல் கையெழுத்து வைத்தார்.

அடுத்த வசந்தத்தில் தம்பி வந்தான். கிழவியைப் பூப்போலத் தூக்கினான். வந்து நாலாம் நாள் வாசல் மணி அலறியது. திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். வந்தது பாண்காரன். தம்பி, வீடு கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அலுமாரிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். கதவைத் திறந்து அவனைக் கண்டது இஞ்சினியர்.

அன்று பின்னேரமே அவர் வாசல் மணியைக் கழற்றிவிட்டார். வேறொன்று செய்யப் போகிறாராம்! "கடையிலை நல்ல மணி விக்கிறாங்கள்," என்று நான் கெஞ்சினேன். "கபோ சந்தைக்குப் போற வழியிலையே இருக்கு."

"அது எல்லாருக்கும் செய்த மணி," என்றார்.

மூன்று கிழமை வீட்டுக்கு மணி இல்லை. வருகிறவர்கள் எல்லாம் முஷ்டியால் கதவில் இடித்தார்கள். அது மணியைவிடக் கேவலம், தம்பி ஒரு நாளைக்கு ஐந்து தரம் அலுமாரிக்குள் போனான். எனக்கு மனிதரைக் கடித்துத் தின்னலாம் போல இருந்தது. கடைசியில் அவர் தம்பியிடமே கேட்டார், என்ன சத்தம் என்றால் உமக்குப் பரவாயில்லை என்று. தம்பி வெட்கப்பட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான், நான் மொழிபெயர்த்தேன்.

"சைக்கிள் மணி. பிடிக்க வாறவங்கள் ஒருத்தரும் சைக்கிள் மணி அடிச்சுக்கொண்டு வாறேல்லை."

அப்படித்தான் அந்த மாளிகையின் பெரிய கதவில் ஒரு சைக்கிள் மணி வந்தது. சிஞ்ஞோரா வெட்கத்தில் செத்தார். இஞ்சினியர் அதை அடிக்க விரலால் தள்ளுகிற நெம்பைக்கூட இரண்டு தரம் அரத்தால் தேய்த்து மெதுவாக்கியிருந்தார்.

அடுத்த வருடம் ஒரு காலை அது கிணுகிணுத்தது. நான் கிழவிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். தம்பி போய்க் கதவைத் திறந்தான். சற்று நேரம் ஒரு சத்தமும் இல்லை. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் அதே மூத்த பொலிஸ்காரர், சீருடையோடு. தம்பியின் கை கதவுப் பிடியில் இறுகியிருந்தது, ஆனால் அவன் நின்ற இடத்தில்தான் நின்றான்.

"அக்கா," என்றான் திரும்பாமல். "இவருக்கு ஒருக்கா சொல்லுங்கோ, துவக்கு இன்னும் முடியேல்லை எண்டு."