கொதித்த குழாய்

1994 ஐப்பசி, தீபாவளி கழிந்த வாரம். ஆற்றில் கலங்கல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. முந்தின நாள் முழுவதும் வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த என் மனைவியை ஆட்டோவில் வண்ணார்பேட்டைக்குக் கொண்டுபோனேன். கண் குழிந்து, நாக்கு வறண்டிருந்தது. அந்தச் சின்ன மருத்துவமனையின் கம்பவுண்டர் சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, ரப்பர் குழாயை மாட்டி ஊசியைக் குத்தினார்.

பாதி பாட்டில்கூட இறங்கவில்லை. "குளிருது" என்றாள். பற்கள் கிட்டின. கட்டில் கடகடவென்று ஆடியது. இரண்டு போர்வைகளைப் போட்டு மேலே சாய்ந்து அழுத்தினேன். அவள் நடுக்கம் என் நெஞ்சுக்குள் வந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் போய்க்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

டாக்டர் ஓடிவந்து முதலில் குழாயை அடைத்தார். கம்பவுண்டரிடம் திரும்பினார்.

"குழாய எப்பக் கொதிக்க வச்சீரு?"

"காலைலதான் டாக்டர், அரைமணி நேரம். ஒரு கிருமி பொழச்சிருக்காது."

"ராத்திரி எங்கன கெடந்துச்சு?"

"கழுவி, வாளித் தண்ணிலதான் போட்டு வச்சேன். காஞ்சா ரப்பர் வெடிச்சிரும்லா."

"ரப்பருக்குப் பாத்தீரு. ஆளுக்குப் பாத்தீராவே?"

ஊசி மருந்து போட்டுவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: "ராத்திரி தண்ணில கிருமி பெருகியிருக்கு சார். காலைல அத்தனையும் செத்தாச்சு. ஆனா அதோட மேல்தோலு குழாய்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். நம்ம ரத்தம் அந்தத் தோலத்தான் பாக்கும். உள்ள உசுரு இருக்கா இல்லையான்னு பாக்காது. படையே உள்ள வந்துட்டுன்னு நெனைச்சு இந்த ஆட்டம் ஆடுது."

பிறகு கடையில் புதுக் குழாய் வாங்கிவரச் சொன்னார்.

"திரும்பவுமா? வேண்டாம் டாக்டர்."

"உடம்புல தண்ணியே இல்ல. இது இறங்கலன்னா சாயங்காலத்துக்குள்ள சிறுநீரகம் நின்னுரும். யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா பைய யோசிக்க நேரமில்ல."

வாங்கிவந்தேன். அதற்குள் அவள் நடுக்கம் அடங்கியிருந்தது. புதுப் பாட்டில் சொட்டத் தொடங்கியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சொட்டும் உள்ளே போவதைப் பார்த்தேன். அவள் தோள் அசைந்தபோதெல்லாம் பிடியை இறுக்கினேன். பாட்டில் பாதிக்குக் கீழே வந்தபோது அவள் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"கைய விடுங்க, வலிக்கி" என்றாள்.

அதன்பின் பல வருடம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். சிலவகை பாக்டீரியாக்களின் வெளிப்புறத்தில் கொழுப்பும் சர்க்கரையும் பிணைந்த உறை உண்டு. நம் உடம்பில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் முன்பின் பழக்கம் இல்லாமலேயே, பிறவியில் வந்த அறிவால், நம் வெள்ளணுக்கள் அதை அந்நியம் என்று கண்டுகொள்கின்றன. அதைப் பற்றிக்கொள்ளும் புரதம் எது என்பது அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் தெரியவந்தது. அதைச் சொன்ன கட்டுரையில் இன்னொரு வரியும் இருந்தது: உறை அளவுக்கு மீறி ரத்தத்தில் கலந்தால், காக்க எழும் அந்த எதிர்ப்பே ரத்த அழுத்தத்தை வீழ்த்தி ஆளைக் கொன்றுவிடும்.

அன்று பாதி பாட்டில்கூட இறங்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. முழுதும் இறங்கியிருந்தால்? எழுந்து அடுக்களைக்குப் போனேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பசிக்கா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன்.