என் வாயில் பேசிய ரெஜினா

ரெஜினாவின் எண்ணைப் பார்த்து போனை எடுத்ததும், “சொல்லுளா, உயிரோடதான் இருக்கியா?” என்றேன். எங்கள் வழக்கம் அது. மறுமுனையில் பேசியது அவள் தம்பி. “அக்கா, அவ போயிட்டாக்கா” என்றான். நான் என்ன கேட்டுத் தொலைத்தேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. மஞ்சள்காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தேறிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தோம். வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு நாசரேத்திலிருந்து பஸ் ஏறினேன். தூத்துக்குடி வரைக்கும் வெட்கமில்லாமல் அழுதுகொண்டே போனேன்.

உங்களில் பலர் அவளை மீன் ஏலக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மொபெட்டில் தெருத்தெருவாகப் போவாளே, அவள்தான். அவள் ஒரு சினிமாவின் கதாநாயகி என்பது சிலருக்குத்தான் தெரியும். பாதிக் கதாநாயகி. மீதிப் பாதி நான்.

படத்தின் கதை எளியது. துறைமுகக் குடியிருப்பில் வாழும் அதிகாரியின் மகனும், சங்கு குளிப்பவரின் மகளும் ஒரே டியூஷனில் படிக்கிறார்கள். பதினாறு வயசுப் பிள்ளைகள். இருவரும் ஒட்டிக்கொள்கிறார்கள். பணமும் அந்தஸ்தும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அந்தச் சங்கு குளிப்பவர் மகளாக நடிக்க இயக்குநர் பிடித்து வந்தது, கடலில் கால் நனைக்கவே பயப்படுகிற டீச்சர் மகளான என்னை. படப்பிடிப்பு நடந்ததோ, நிஜமாகவே சங்கு குளித்துப் பிழைத்த ரெஜினா அப்பாவின் வீட்டில். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது.

முதல் நாளே என் முகத்திலும் கையிலும் கறுப்பு மாவு பூசினார்கள். பூசி முடித்ததும் ஒருவர் ஓடி வந்து எனக்குக் குடை பிடித்தார். ரெஜினா தன் வீட்டு வாசலிலேயே வெயிலில் நின்று வேடிக்கை பார்த்தாள். “ஏளா டீச்சர் மவளே, கறுக்கணும்னு மாவு பூசுதாங்க. பொறவு கறுத்துரக் கூடாதுன்னு குடை பிடிக்காங்க. இது என்ன கூத்து?” என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. பூசிய மாவெல்லாம் கண்ணீரில் வழிந்து, திரும்பவும் பூசவேண்டியதாயிற்று. குடைக்குள் வாடி என்று அவளையும் இழுத்துக்கொண்டேன். குடை பிடித்தவருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் போகட்டும்.

நான் வசனம் பேசுவது அவளுக்குப் பெரிய வேடிக்கை. “இவ சண்டை போட்டாலும் கோயில்ல பைபிள் வாசிக்க மாதிரியே இருக்கு” என்பாள். ஒரு மதியம், சேக்காளிகளைக் கூட்டிவைத்து என் காட்சியை அவள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயக்குநர் சோற்றுத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். படத்தில் என் வாய் அசையும்போதெல்லாம் கேட்பது அவள் குரல் என்று ஆனது இப்படித்தான்.

சென்னையில் ஒலிப்பதிவு நடந்தபோது நானும் துணைக்குப் போனேன். அழவேண்டிய இடம் வந்தால் அவளுக்கு அழுகை வராது. “திரையில உன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சிரிப்புல்லா வருது. நீ பக்கத்துல வந்து எங் கையப் பிடிச்சுக்கோ” என்றாள். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அழுதாள். நானும் சத்தம் வராமல் அழுதேன்.

படம் வந்தது. பெயர்ப் பட்டியலில் சமையல்காரர் பெயர்கூட இருந்தது. ரெஜினா பெயர் இல்லை. இல்லாதவர்களின் வலியைப் படமாக எடுத்த மகராசன்கள்! நான் இயக்குநருக்குப் போன் போட்டுக் கத்தினேன். விட்டுப்போயிற்று என்றார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு கல்லூரி விழாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “நிக்க வச்சுப் பேசுத வீட்டுக்கு நான் வரமாட்டேம்ல, போ!” என்கிற வசனத்தைப் பேசச் சொல்லி ஒரே கூச்சல். எனக்குத் தெரியாதா இது வரும் என்று? ரெஜினாவைத் திரைக்குப் பின்னால் மைக்கோடு உட்காரவைத்திருந்தேன். நான் வாயசைத்தேன், அவள் பேசினாள். பாதியில் மைக் செத்துப்போயிற்று. அவளோ நிறுத்தாமல், திரையை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்து, இடுப்பில் கையை வைத்து மீதியைப் பேசி முடித்தாள். பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறிக் கத்தினார்கள். ஆனாலும் பொன்னாடையை எனக்குத்தான் போர்த்தினார்கள். நான் பொருமிக்கொண்டு இறங்கியபோது அவள் சொன்னாள்: “விடுளா. துண்டு உனக்கு, தொண்டை எனக்கு.”

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா என்னைப் பார்த்து அழவில்லை. “அந்தப் படம் உன் போன்ல இருக்கா?” என்று கேட்டார்கள். மகளின் குரலைக் கேட்டால் அந்த மனசு ஆறுமா, மொத்தமாக உடைந்துபோகுமா? வேண்டாம் என்று தம்பி கண்ணைக் காட்டினான். “போடு. நான் பாக்க மாட்டேன். அவ பேசுதது கேட்டாப் போதும்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் டீ போட ஆரம்பித்தார்கள். போட்டேன்.

படத்தில் ஒரு காட்சி. பையனின் பிறந்தநாளுக்குத் துறைமுகக் குடியிருப்புக்குப் போகும் அந்தப் பெண்ணுக்கு, அவன் அம்மா பின்வாசலில் வைத்துப் பேப்பரில் கேக்கைச் சுற்றிக் கொடுப்பாள். அந்தப் பெண் அதை வீசிவிட்டு வீட்டுக்கு ஓடி வருவாள். தெருவிலிருந்தே “எம்மா...” என்று கூப்பிடுவாள். படத்தில் அப்போது வீட்டில் யாரும் இல்லை. பதில் வராது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது.

“இந்தா வாரேம்ளா” என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வேகமாக வெளியே வந்தார்கள். வந்தவர்கள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். “நீயா கூப்பிட்ட?” என்று கேட்டார்கள்.

இத்தனை வருஷமும் அவர்களை நான் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ரெஜினா ஒருநாளும் என் அம்மாவை அப்படிக் கூப்பிட்டதில்லை. டீச்சர் என்றுதான் சொல்வாள். யார் யாரை எப்படிக் கூப்பிடவேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அதுவாகவே தெரிந்திருந்தது.

“ஆமா எம்மா, நாந்தான்” என்றேன்.

அதற்கப்புறம்தான் அவர்கள் அழுதார்கள்.

ரெஜினா எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு சொல். நான் சொன்னால் அவள் சொன்ன மாதிரி இருக்காது. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் பதில் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்கிறவரைக்கும், நாசரேத்திலிருந்து பஸ் ஏறிப் போய், தெருவிலிருந்தே கூப்பிடுவேன்.