அண்ணன் செய்த பண்டமாற்று

பிரஷர் பார்க்கப் போன மனிதரின் இடுப்பை டாக்டர் ஏன் அளக்க வேண்டும்? இரண்டு மாதத்துக்கு முன் என் அண்ணனுக்கு இதுதான் கோபம்.

அண்ணன் பகலெல்லாம் பட்டுக் கடையில் உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவர். திருவிழா வந்தால் ஆளே வேறு... சின்ன காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாட்டுக்குத் தோள் கொடுப்பவர்களில் ஒருவர். முப்பது வருடமாக ஒரு கருட சேவையைக்கூட விட்டதில்லை. இந்த வருடம் டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார் — பிரஷர் இறங்காவிட்டால் வாகனத்தைத் தொடக்கூடாது.

அண்ணன் ஆடிப்போய்விட்டார். நான்தான் தைரியம் சொன்னேன். "உப்பைக் குறைண்ணா, தானா இறங்கிடும்." ஊருக்கு உபதேசம் செய்து பழகிய வாய் அல்லவா?

சொன்னபடியே செய்தார். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் எல்லாவற்றுக்கும் தடா. மாத்திரையும் தவறவில்லை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், பிரஷர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் இடுப்புக்கு டேப் வந்தது. கூடவே ரத்தப் பரிசோதனையும்.

"கோயில்ல என்ன சாப்பிடுறீங்க?" என்று ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார் டாக்டர்.

"புளியோதரைல உப்பு இருக்குதுன்னு தொட்றதே இல்லமா. அதைப் பக்கத்து ஆளுக்குக் குடுத்துட்டு, அவரோட சர்க்கரைப் பொங்கலையும் நானே வாங்கிக்கினு இருக்கேன். உப்பு கூடாதுன்னு எங்க தங்கச்சிதான் சொல்லுச்சி."

அந்தத் தங்கச்சி சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். இங்கே நேராக வயிற்றுக்குப் போயிருக்கிறது... அதுவும் இரட்டைப் பங்காக.

"சுகர் நார்மல்னுதானே ரிப்போர்ட்ல இருக்குது?" அண்ணன் விடவில்லை.

"நார்மல்தான். ஆனா அதை நார்மலா வெச்சிருக்க உங்க உடம்பு படாத பாடு படுது. இன்சுலின் சொல்றத உடம்பு சரியா கேக்கல. அதனால இன்னும் அதிகமா சுரக்குது. அது ரொம்ப அதிகமானா, உப்பை வெளியே விடாதேன்னு கிட்னியைப் பிடிச்சு நிறுத்துது. பிரஷர் எப்படிங்க இறங்கும்?"

அதாவது, அண்ணன் வாசல் வழியாகத் துரத்திய உப்பை, பொங்கல் உள்ளே பிடித்து உட்கார வைத்துவிட்டது. நாம்தான் பிரஷருக்கு உப்பு, சுகருக்கு இனிப்பு என்று பாகம் பிரித்து வைத்திருக்கிறோம். அவை இரண்டும் ஒரே வீட்டில் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன.

சோறு பாதியானது. பொங்கல் ஒரே ஒரு ஸ்பூன். தினமும் காலையில் மாட வீதியில் நடை. உபதேசம் செய்த பாவத்துக்கு நானும் கூட நடந்தேன்.

ஒரு நாள் நடந்துகொண்டே சொன்னார்: "கடைல என் பேர்கூட யாருக்கும் தெரியாதுமா. புடவையத்தான் பாப்பாங்க. தோள்ல பெருமாள் இருக்கறப்பதான் நானும் ஒரு ஆளுன்னு இருக்குது."

என் அரைகுறை ஆலோசனையால் இது பறிபோய்விட்டால்?

பிரஷர் இறங்கியது. முழுசாக இல்லை, ஓரளவுக்கு. டாக்டரம்மாவும் ஓரளவுக்கு இறங்கி வந்தார் — ஒரே ஒரு தெரு, அதற்கு மேல் ஓர் அடிகூடக் கிடையாது.

போன வாரம் கருட சேவை. அந்தத் தெருவில் கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பெருமாளைக் கும்பிட்டது. நான் மட்டும் பெருமாளைப் பார்க்கவே இல்லை. கீழே, வியர்த்து மின்னிய அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்... அந்தத் தெரு முழுக்க அவரும் என் அண்ணனை நம்பித்தானே வந்தார்?