எஸ்தர் டீச்சர் எழுதாமல் விட்ட ஒரு வரி

பேத்தி கலைச்செல்வி சென்னையிலிருந்து போன் செய்தபோது நான் தையல் மிஷினில் ஊசி மாற்றிக்கொண்டிருந்தேன். எடுத்ததும், "ஆயா, ஒக்காந்துருக்கியா?" என்று கேட்டாள். அப்படி ஒருவர் கேட்டாலே பின்னால் வரப்போவது எப்படிப்பட்ட சேதி என்று எனக்குத் தெரியும். "ஒக்காந்துதான் இருக்கேன், சொல்லு" என்றேன். "நம்ம டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். கடலூரில் தங்கை வீட்டில் இருந்த எஸ்தர் டீச்சர் அன்று விடியற்காலை தூக்கத்திலேயே போய்விட்டார் என்பது பிறகு வந்த போன்களில் தெரிந்தது.

அவரிடம் படித்த நீங்கள் எல்லாரும் சேர்ந்து நினைவுப் புத்தகம் போடப்போவதாக இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "தையக்கார ஆயா, நீங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிறோம்" என்றார்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் அளவு நோட்டை நாற்பது வருஷமாக என் கையால் எழுதி வருகிறேன். ஒரு ஜாக்கெட்கூட அளவு தப்பிப் போனதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் கலைச்செல்வி திருத்துவாள். ஆனால் நான் எழுதுகிற ஒரு விஷயத்தை மட்டும் அவள் திருத்தவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டீச்சரை உங்களுக்கெல்லாம் சிதம்பரத்தில்தான் தெரியும். எனக்கு அதற்கு முன்பே, கடலூர் முதுநகரில் தெரியும். அங்கே ஒரு துணிக்கடை வாசலில் மிஷின் போட்டிருந்தேன். டீச்சரின் வீட்டுக்காரர் சாமுவேல் சார் என் வாடிக்கை. சின்ன வயதில் வந்த போலியோவால் அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. கடையில் வாங்குகிற பேண்ட் எதுவானாலும் நேரே என்னிடம் வந்துவிடும். இடது காலில் மட்டும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக மேலே மடித்துத் தைக்க வேண்டும். "கடவுள் ஒரு கால்ல கஞ்சத்தனம் பண்ணிட்டாரு டெய்லரம்மா, நீங்க துணியில சரிக்கட்டுங்க" என்று சிரிப்பார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம், காப்பிப்பொடி நிறத்தில் ஒரு புது பேண்ட் கொண்டுவந்தார். நிற்கவைத்தே மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் மீன் வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. அன்றைக்குக் கடல் என்ன செய்தது என்று நான் எழுத வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் பிள்ளையைத் தேடி அவளோடு போனேன். யாரென்று தெரியாதவர்களைப் படம் எடுத்துவிட்டு அடக்கம் செய்திருந்தார்கள். அந்தப் படங்களை ஒரு கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒட்டியிருந்தார்கள். சுவரின் அந்தக் கோடியில் டீச்சர் நின்றிருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் தெரியாத படம் வந்தால் நிற்காமல் தாண்டினார். நான் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். ஒரு படத்தில் முகத்தின் மேல் துணி போட்டிருந்தது. கீழே காப்பிப்பொடி நிறத்தில் பேண்ட். இடது காலின் மடிப்பு, வலது காலைவிட இரண்டு விரல் மேலே இருந்தது.

என் தையல் எனக்குத் தெரியாதா?

டீச்சர் அந்தப் படத்தைத் தாண்டி என்னிடம் வந்தார். மூன்று நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம். "இல்லக்கா. எங்கயும் இல்ல. இங்க இல்லன்னா எங்கயோ இருக்காரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாளைக்கு வருவதற்கு ஏழு வருஷம் ஆனது.

மகள் வீட்டோடு இருக்க நான் சிதம்பரம் வந்துவிட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து டீச்சருக்கும் சிதம்பரத்துக்கு மாற்றல் வந்தது. எங்கள் மாடி காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தார். தெரிந்த முகம் என்று சந்தோஷப்பட்டார். நான் மாடிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன். குடிவந்த அன்றே ஒரு சீட்டை என்னிடம் கொடுத்தார். சாமுவேல் சார் பெயர் போட்டு, கீழே எங்கள் வீட்டு விலாசம், கொட்டை எழுத்தில். "நீங்க நூலு, லைனிங் வாங்க மாசா மாசம் கடலூர் போறீங்கல்லக்கா. பழைய வீட்டுக்கு எதிர்ல டீக்கட இருக்குது, அதுல ஒட்டிட்டு வாங்க. வந்து பாத்து வீடு பூட்டியிருந்தா அவுரு எங்க போவாரு?" என்றார். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? மழையில் கரைந்தால் புதுச் சீட்டு, வெயிலில் எழுத்து மங்கினால் இன்னொரு சீட்டு. ஒவ்வொரு மாதமும் பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, இனி வரவே முடியாத ஒருவருக்கு வழி சொல்லும் காகிதத்தைக் கொண்டுபோனேன். டீக்கடைக்காரரே பசை எடுத்துக் கொடுப்பார். ஒரு தடவை அவர், "அந்தம்மாகிட்ட யாராவது எடுத்துச் சொல்லக் கூடாதாம்மா?" என்று கேட்டார். காது கேட்காத மாதிரி வந்துவிட்டேன்.

மாடியில் அவர் நடத்திய இங்கிலீஷ் வகுப்பு உங்களுக்கு மறந்திருக்காது. தினம் ஒரு வார்த்தை. போர்டில் அதை எழுதிவிட்டு, "அர்த்தம் சொல்லு" என்று கேட்க மாட்டார். "புத்தகத்துல இருக்கறத புத்தகமே வெச்சிக்கட்டும். ஒங்க வீட்டுல நடந்தத கொண்டாங்க" என்பார். நீங்கள் கொண்டுவந்ததை எல்லாம் வரி வரியாக எழுதுவார். மேலே மாடிப்படிக் கதவு ஓரமாக உட்கார்ந்து கைத்தையல் போட்டுக்கொண்டே நானும் கேட்பேன். இங்கிலீஷ்காரன் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு இத்தனை வேலை வாங்குகிறானே, நம்மிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் இருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருக்கும். "சொல்லு பழசுதான். ஒவ்வொரு வீட்டுக்குப் போறப்பவும் வேற சட்ட போட்டுக்குது, அவ்ளோதான்" என்று டீச்சர் சொல்வார். வகுப்பு நடக்கும்போது வாசல் கேட் சத்தம் கேட்டால் பேச்சு பாதியில் நின்றுவிடும். சன்னல் வழியே கீழே பார்ப்பார். பால்காரர், தபால்காரர், உங்களில் தாமதமாக வந்த யாராவது. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நீங்கள் அதைக் கண்டிப்பு என்று நினைத்திருப்பீர்கள்.

கலைச்செல்வி பதினொன்றாவது படித்த வருஷம் ஒரு நாள் டர்ன் அப் என்ற வார்த்தை வந்தது. பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நின்ற திட்டக்குடி மாமா ஒரு வரி. "போனாரா, இன்னும் இருக்காரா?" என்று டீச்சர் கேட்க, "இருக்காரு மிஸ், கோழி தீர்ற வரைக்கும் இருப்பாரு" என்று அந்தப் பிள்ளை சொல்லி ஒரே சிரிப்பு. தொலைந்துபோய் அரிசிப் பானைக்குள் கிடைத்த கொலுசு ஒரு வரி. டிவி சத்தத்தைக் கூட்டிய தாத்தா ஒரு வரி. என் பேத்தி எழுந்து, "எங்க ஆயா பேண்ட்ட மடிச்சித் தைக்கிறதும் அதுதான் மிஸ்" என்றாள். டீச்சர் மாடிப்படிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். "அக்கா, அவுருக்கு எடது கால்ல ரெண்டு விரல் கூட மடிப்பீங்கல்ல?" என்றார். ஊசி என் விரலில் ஏறிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதுதான் பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். இங்கிலீஷ் பேப்பரில் படித்தது என்றான். காணாமல் போனவரின் உடம்பு கரை ஒதுங்கியதை அதே வார்த்தையில் போட்டிருந்தார்களாம். அவன் சரியாகத்தான் சொன்னான். டீச்சர் சாக்பீஸோடு நின்றார். அந்த வரியை மட்டும் அவர் எழுதவில்லை. "இன்னைக்கு இது போதும்" என்று போர்டை அழித்துவிட்டு எல்லாரையும் அனுப்பினார். அந்தப் பையன் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அழுதுகொண்டே படி இறங்கினான். தம்பி, இதை நீ படித்தால் தெரிந்துகொள், உன் மேல் தப்பே இல்லை.

அன்று சொல்லியிருக்கலாம். பேத்தி பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தபோது, இஞ்சினியரிங் சேர்ந்தபோது, இண்டர்வியூவில் இங்கிலீஷில் தடுமாறாமல் பேசி வேலை வாங்கியபோது, டீச்சருக்கு ஸ்வீட் கொண்டுபோன ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைத்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் இஞ்சினியரை உண்டாக்கிக் கொடுத்தவர் அவர். அப்படிப்பட்டவரிடம் போய் எப்படிச் சொல்வது? வருஷம் ஏற ஏற அந்தச் சேதி சாமுவேல் சாரைப் பற்றியது என்பதே போய், நான் மறைத்ததைப் பற்றியதாக ஆகிவிட்டது. டீச்சர் இளைத்துக்கொண்டே வந்தார். படி ஏறினால் மூச்சு வாங்கியது. கேட் சத்தத்துக்கு எழுந்து பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

பிறகு, கடல் வந்து ஏழாவது வருஷம், கிறிஸ்துமஸ் முடிந்த அதே வாரத்தில் அந்தப் புயல். முதல் நாள் மத்தியானமே காற்றின் சத்தம் மாறியது. காக்காய் குருவி ஒன்றும் இல்லை. டீச்சர் கீழே வந்து எங்களோடு இருந்துகொண்டார். "அன்னைக்கும் கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோடதான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். காற்றில் கேட் தானாகத் திறந்து திறந்து அடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் அவர் தலை நிமிர்ந்தது. நான் போய்க் கயிறு போட்டுக் கட்டினேன்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் சீட்டு எழுதிக் கொடுத்தார். கடலூர் போனேன். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. டீக்கடை இருந்த இடத்தில் நான்கு கல்லும் ஒரு அடுப்பும்தான் மிச்சம். ஒட்ட இடம் இல்லை. அந்த அடுப்பின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். சீட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

மாடி ஏறினேன். கரண்டு இன்னும் வரவில்லை, சன்னல் வெளிச்சத்தில் டீச்சர் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார். "ஒட்டிட்டிங்களாக்கா?" என்றார்.

"இனிமே ஒட்ட வேணாம் டீச்சர். அன்னைக்கு அந்தப் படத்துல நான் பாத்தேன். காப்பிப்பொடி கலரு பேண்ட்டு."

பேனாவை மூடினார். "எந்தக் கால்?" என்று கேட்டார்.

"எடது கால்."

கத்துவார் என்று நினைத்தேன், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் தன் புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலால் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "மொகம் தெரியறத மட்டும் பாக்கறதுன்னு முடிவு பண்ணிட்டுதான் அன்னைக்கி உள்ள போனேன்" என்றார். பிறகு, "நல்ல வேளக்கா, ஒங்க தையல் பிரியாம இருந்துச்சே" என்றார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் கடலூரில் அந்தப் படங்களில் இருந்தவர்களை அடக்கம் செய்த இடத்துக்குப் போனோம். பெயர்கள் இல்லாத மேடு. டீச்சர் ஜெபம் செய்தார், நான் பக்கத்தில் நின்றேன். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு சன்னல் ஓர இடத்தைக் கொடுத்தார்.

கடைசி வகுப்புக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும், அவர் மறுபடியும் டர்ன் அப் எழுதினார். மாமா, கொலுசு, டிவி, மடிப்பு என்று பழைய வரிகளை அவரே எழுதினார். கடைசியாக ஒரு வரி எழுதி, கதவோரம் இருந்த எனக்காகத் தமிழில் சொன்னார். "சாமுவேல் மூணாம் நாளே வந்துட்டாரு. நான்தான் பாக்கல." உங்களில் சிலர் அது பைபிள் வசனம் என்று நினைத்ததாகக் கேள்விப்பட்டேன். அது வசனம் இல்லை.

அதன் பிறகு கேட் சத்தத்துக்கு அவர் எழுந்திருக்கவில்லை. நிம்மதி வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். பசியும் போய்விட்டது, பேச்சும் குறைந்துவிட்டது என்பதைப் பிறகுதான் கவனித்தேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போனார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வெச்சிருந்தது எனக்குப் பாரமா தெரியலக்கா. ஒங்களுக்குதான் பாரமா இருந்திருக்கும்" என்றார். அங்கே ஆறு மாதம்தான் இருந்தார். காத்துக்கொண்டிருந்த வரைக்கும் அவர் உயிரோடு இருந்தார். அந்தக் காத்திருப்பை நான் எடுத்துவிட்டேன். மறைத்தது தப்பா, சொன்னது தப்பா என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள். நீங்கள் படித்தவர்கள். இதைத்தான் கலைச்செல்வி எடுக்கக் கூடாது என்று சொன்னேன்.

அவருடைய டிக்ஷனரியைப் பேத்தி வைத்திருக்கிறாள். போர்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டோம். ஒட்டாத அந்தக் கடைசிச் சீட்டு என் அளவு நோட்டுக்குள் இருக்கிறது. ஆனால் டீச்சரிடமிருந்து எனக்கென்று வந்து சேர்ந்தது வேறு. மாடி இப்போது பூட்டிக் கிடக்கிறது. கீழே நான் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கும்போது கேட் சத்தம் கேட்கிறது. கால் தானாக நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கிறேன்.